மலைக்கு இருபுறமும் ஒரு பிள்ளை

கல்யாணமாகிப் பல வருடம் சைரகானுக்குப் பிள்ளை இல்லை. அவள் கொழுந்தன் மனைவி ஜூராவுக்கு மூன்று. நான்காவது வயிற்றில் இருந்தபோதே, "அக்கா, இது உங்களுக்கு" என்று ஜூரா வாக்குக் கொடுத்துவிட்டாள். பிறந்தது பெண். எங்கள் மலைநாட்டு வழக்கப்படி குழந்தையைச் சைரகானின் சட்டைக் கழுத்து வழியாக உள்ளே விட்டு, பாவாடைக்குக் கீழே கையேந்தி வாங்கினார்கள். அவளே பெற்ற மாதிரி ஆயிற்று. அக்மரல் என்று பெயர் வைத்தாள்.

நான் பக்கத்து வீடு. பள்ளிக்கூடச் சமையற்கட்டில் அவளும் நானும் சேர்ந்தே வேலை பார்த்தோம். சைரகான் வாய்த்துடுக்குக்காரி, ஆனால் ஒளிவுமறைவு தெரியாதவள். பிள்ளைக்குப் பேச்சு வந்ததுமே, "உனக்கு ரெண்டு அம்மாடி. ஒண்ணு நான். இன்னொண்ணு மலைக்கு அந்தப் பக்கம்" என்று சொல்லிக்கொடுத்தாள். பிள்ளை ஜூராவை 'மலையம்மா' என்று கூப்பிட்டது. வேலை ஒழிந்தபோதெல்லாம் ஜூரா ஏதாவது லாரியில் தொற்றிக்கொண்டு கணவாய் தாண்டி வருவாள். ஒருநாள் இருப்பாள், பிள்ளைக்குத் தலை பின்னிவிடுவாள், போய்விடுவாள்.

வருவதை முன்கூட்டிச் சொல்ல மாட்டாள். ஆனால் அவள் வரும் நாளில் அக்மரல் சாப்பிட உட்காரும் விரிப்பில் இன்னொரு கிண்ணத்தை எடுத்து வைத்துவிடும். முதலில் நாங்கள் சிரித்தோம்.

"உம்பொண்ணு பேசாம குறி சொல்லப் போகலாம்" என்றேன்.

"போகட்டும், எனக்குச் சமையற்கட்டு வேலையாவது மிச்சம்" என்றாள் சைரகான். ஆனால் அடுத்தடுத்த தடவைகளில் அவள் சிரிக்கவில்லை.

அந்த இலையுதிர்காலத்தில் ஜூரா வந்து திரும்பிய பிறகு பிள்ளை சாப்பிட மறுத்தது. "மலையம்மா கையால குடு" என்று அழுதது. சைரகானுக்கு நெஞ்சில் முள் தைத்தாற்போல் இருந்திருக்க வேண்டும். ஜூராவுக்குப் போன் போட்டு, "ரோடு மோசமா இருக்கு, கொஞ்ச காலம் வராத" என்றாள். ரோடு நன்றாகத்தான் இருந்தது. எனக்கும் தெரியும், ஜூராவுக்கும் தெரியும். அதே வாரம் சைரகானின் வீட்டுக்காரர் ஓமுர்பெக் வாசலின் பழைய பழுப்புக் கதவுக்கு நீலம் அடித்தார்.

அதன் பிறகுதான் அது ஆரம்பித்தது. பட்டப்பகலில், அடுப்பில் பால் காயும் நேரத்தில், அக்மரல் விளையாட்டை விட்டுவிட்டுக் கதவருகே போய் நிற்கும். முகத்தை மரத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு மெதுவாக ஏதோ பேசும். பேச்சை நிறுத்திக் கேட்கும். மறுபடி பேசும்.

ஒருநாள் நான் அங்கே இருந்தேன்.

"யார்கிட்டடி பேசற?" என்றாள் சைரகான்.

"மலையம்மாகிட்ட. ரொம்ப நேரமா தட்டறாங்க. நீங்கதான் தெறக்க மாட்டேங்கறீங்க."

சைரகான் போய்க் கதவைத் திறந்தாள். முற்றத்தில் யாரும் இல்லை. கட்டியிருந்த நாய் மட்டும் வாசற்படியைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. தெரிந்த ஆளுக்கு ஆட்டுகிற மாதிரி.

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.

இரண்டொரு நாள் கழித்து ஜூராவே போன் செய்தாள். போனை எல்லோருக்கும் கேட்கிறபடி வைத்தாள் சைரகான். தனியாகக் கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. ஒண்ணு கேக்கணும். மத்தியானம் கண்ண மூடினா போதும், உங்க வீட்டு வாசல்ல நிக்கறேன். தட்டித் தட்டிக் கை வலிக்குது. முழிச்சுப் பாத்தா நெசமாவே விரல் செவந்திருக்கு." கொஞ்சம் தயங்கினாள். "கதவுக்கு நீலமா அடிச்சீங்க?"

சைரகான் போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள். "யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லலக்கா."

"நாங்க வர்றோம்" என்றாள் சைரகான். "நாளைக்கே வர்றோம்."

ஜூராவின் ஊர்தான் என் பிறந்த ஊர். அதனால் நானும் ஓமுர்பெக்கின் வண்டியில் ஏறிக்கொண்டேன். கணவாயில் முதல் பனி தூவிக்கொண்டிருந்தது. வழியெல்லாம் சைரகான் பிள்ளையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். அக்மரல் அதுவரை ஒருமுறைகூட அந்த வீட்டுக்குப் போனதில்லை. எப்போதும் ஜூராதான் வருவாள்.

நாங்கள் போனபோது ஜூராவின் மூன்று பிள்ளைகளும் தேநீருக்கு உட்கார்ந்திருந்தார்கள். விரிப்பைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்கள் நடுவில் ஓர் ஆள் இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். அதன் முன்னால் ஒரு சின்னக் கிண்ணம். அதில் பால் தேநீர், மேலே ஆவி.

அக்மரல் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் போய் அந்த இடத்தில் உட்கார்ந்தது. யாரும் தலை நிமிரவில்லை. மூத்தவன் தைலக், ரொட்டியை அதன் பக்கம் தள்ளி, "நேத்து கிள்ளின இல்ல, இன்னிக்கு உனக்கு ஜாம் கெடயாது" என்றான்.

"நீதான் மொதல்ல முடிய இழுத்த" என்றது அக்மரல். பிறகு எழுந்து, மெத்தைகள் அடுக்கிய பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு, தூசி படிந்த ஒரு மரக்கரண்டியை எடுத்து வந்தது.

"இத எங்கெல்லாம் தேடினேன்" என்று முணுமுணுத்தாள் ஜூரா.

ஓமுர்பெக் வண்டியைப் பார்க்கப் போவதாகச் சொல்லி வெளியே போய்விட்டார். சைரகான் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள்.

"எத்தன நாளாடி இப்படி?"

"நீங்க வர வேணாம்னு சொன்னதுலேர்ந்து. பசங்க பயப்படல. அதனால நானும் பயப்படல." ஜூரா கண்ணைத் துடைத்தாள். "அக்கா, அவள நான் திருப்பிக் கேக்கலக்கா. சத்தியமா கேக்கல."

"தெரியும். கேட்டாலும் குடுக்க மாட்டேன்" என்றாள் சைரகான். சொல்லிவிட்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். "நான்தான் பொய் சொன்னேன். ரோடு நல்லாத்தான் இருந்துச்சு."

"எனக்குத் தெரியாதா? லாரிக்காரன் தெனம் வந்துட்டுப் போறான்" என்றாள் ஜூரா. அழுகைக்கு நடுவே இருவருக்கும் சிரிப்பு வந்தது.

பனி வலுத்ததால் சில நாள் அங்கேயே தங்கினோம். ஊர் திரும்பிய பின் அக்மரல் கதவருகே போய் நிற்கவில்லை. நாயும் வெறும் வாசலைப் பார்த்து வாலாட்டவில்லை. ஜூரா பழையபடி வந்துபோகத் தொடங்கினாள். கோடைக்கு ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு மேய்ச்சல் மலைக்குப் போகும்போது பிள்ளையைத் தன்னோடு அழைத்துப்போவாள், பள்ளிக்கூடம் திறக்குமுன் கொண்டுவந்து விடுவாள். அந்த ஏற்பாட்டைச் சொன்னவளே சைரகான்தான்.

இப்போது அக்மரலுக்கு முன்பல் இரண்டும் விழுந்து முளைத்துவிட்டன. போன கோடையில் அவள் ஜூராவோடு மேய்ச்சல் மலைக்குப் போயிருந்தாள். அப்போது ஒருநாள் சைரகானும் நானும் சந்தைக்கு நடந்துகொண்டிருந்தோம். வழக்கமாக விறுவிறுவென்று நடக்கிற சைரகான், அன்று சின்ன அடியாக எடுத்து வைத்தாள். வலது கை உடம்பிலிருந்து சற்றுத் தள்ளி, எதையோ பிடித்திருப்பது போல் தாழ்ந்திருந்தது.

"கால் வலியா?" என்றேன்.

"இல்ல." அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. "மெதுவா வா. அவளால நம்ம வேகத்துக்கு நடக்க முடியல."

நானும் மெதுவாக நடந்தேன்.