அப்பா ஒப்புக்கொள்ளாத ஆங்கிலம்

ஓராண்டு நினைவு நாளுக்கு மலையேறி வந்திருக்கும் உறவினர்களுக்கும் அப்பாவின் நண்பர்களுக்கும் வணக்கம். இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுது என்றார் சித்தப்பா. எழுதுகிறேன். மற்றதையும் எழுதுகிறேன்.

கொடைக்கானல் மலையிலுள்ள பூண்டியில் பூண்டு பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவர் அப்பா. மூட்டை சுமந்து படித்தார். பழைய ரேடியோவில் லண்டன் செய்தி கேட்டு, அறிவிப்பாளர் சொன்னதைத் திருப்பித் திருப்பிச் சொல்லியே ஆங்கிலம் பழகி, கொடைக்கானலில் ஆங்கில ஆசிரியர் ஆனார். ஏழைப் பிள்ளைகளுக்குத் தன் செலவில் ஸ்வெட்டர் வாங்கிக் கொடுப்பார். ஆனால் லண்டன் ஆங்கிலம் தவிர மற்றதெல்லாம் அவருக்கு எச்சில் சோறு.

அமெரிக்கர்கள் பாடம் நடத்திய பள்ளியில் என்னைச் சேர்த்தவரும் அவரே. அங்கே கேட்டதுதானே என் வாயில் வரும்? வீட்டில் நான் ஆங்கிலம் பேசினால் எழுந்து போய்விடுவார்.

பி.எட். முடித்து அவர் பள்ளியிலேயே வேலைக்கு விண்ணப்பித்தேன். நேர்காணல் குழுவில் அப்பாவும் உட்கார்ந்திருந்தார். எனக்கு முன்னால் பாடம் நடத்திக் காட்டிய பழனிக்காரரை, "பஞ்சாமிர்த இங்கிலீஷு, எல்லாத்தையும் போட்டுப் பெசஞ்சது" என்று சொல்லி அனுப்பினார். அடுத்து நான். பாதிப் பாடத்திலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"உங்க மகளாச்சே சார். நல்லாத்தானே நடத்துறாங்க" என்றார் தலைமையாசிரியை.

"எம் மகள்ங்கிறதாலதான் சொல்றேங்க மேடம். சூயிங்கம் மெல்லுற இங்கிலீஷு. நம்ம பிள்ளைக வாயில ஒட்டிக்கிட்டா கழுவ முடியாது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். பிறகு பண்ணைக்காடு ஊர்ப் பள்ளியில் வேலை கிடைத்தது. ஒரு நாளாவது அப்பா என் வகுப்பை எட்டிப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் வரவில்லை. அது வன்மம்தான். வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

கடைசிக் காலத்தில் பார்வை மங்கிப் படுத்துவிட்டார். குளிப்பாட்டியதும் ஊட்டியதும் நான்தான். "இங்கிலீஷ் பேப்பர் வாசிக்கட்டுமாப்பா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நீ வேணாம்த்தா. கேட்டா வயித்தப் பெரட்டும். நர்ஸம்மா தமிழ்ப் பேப்பர் வாசிக்கட்டும்."

அடுத்த வாரம் போய்விட்டார்.

பொறுமையாக வாசித்துக் காட்டிய அந்த நர்ஸம்மாவுக்கும், அப்பா போன அன்று பனிமூட்டத்தில் ஜீப் ஓட்டி வந்தவருக்கும், எங்களை அடுப்பு மூட்ட விடாமல் சோறு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த மலரில் ஒரு பக்கமாவது ஆங்கிலத்தில் இருக்கட்டும், அண்ணனுக்குப் பிடிக்கும் என்றார் சித்தப்பா. எழுத உட்கார்ந்தேன். இத்தனை வருடமாக அதைக் கற்பித்தே சாப்பிடுகிறவள் நான். அப்பா இல்லை என்று தெரிந்தும் ஒரு வரி வரவில்லை.