தினேஸ்வரி தள்ளிய சுவர்

குனோங் ராபாட் பெண்கள் வலைப்பந்துக் குழுவில் வளையத்துக்குள் பந்து போட எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு கை. அது தினேஸ்வரியின் வலது கை. கையுறைத் தொழிற்சாலையில் வேலை, இரண்டு பிள்ளைகள், நாற்பதைத் தாண்டிய வயது. பந்து கைக்கு வந்துவிட்டால் மட்டும் பதினாறு. குழுத் தலைவி கலாதேவி நான் அடித்துச் சொல்கிறேன், அவளைப் போல் பந்து போட ஈப்போவிலேயே ஆள் கிடையாது!

அந்தக் கைதான் மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்ததில் கெட்டுப்போனது. எலும்பு முறியவில்லை. ஆனால் கை தோளுக்கு மேல் ஏற மறுத்தது. தோள்பட்டை எலும்பு, சட்டைக்குள் தட்டை ஒளித்து வைத்ததுபோல் முதுகில் துருத்திக்கொண்டு நின்றது. "இனிமே பந்தே போட முடியாதாக்கா?" என்று கேட்டு அழுதாள். எனக்கும் அழுகை முட்டியது. அவளைத் திட்டிச் சமாளித்தேன்.

மருத்துவமனையில் பிசியோ பயிற்சி தரும் ஷார்மேன்தான் விளக்கினாள். விலாவின் பக்கவாட்டில் ரம்பப் பல் மாதிரி ஒரு தசை இருக்கிறதாம். தோள்பட்டை எலும்பை விலாவோடு சேர்த்துப் பிடிப்பது அதுதான். விழுந்ததில் அதற்குப் போகும் நரம்பு அடிபட்டுவிட்டது. நரம்பு மெல்லத் தேறும். தசையை நாம்தான் எழுப்ப வேண்டும்.

"செவுத்துல ரெண்டு கையையும் வைங்கக்கா. முழங்கைய மடக்காம தள்ளுங்க, மேல்முதுகு பின்னால போகணும். கை நீண்டதும் நிக்காதீங்க. இன்னும் கொஞ்சம்!"

இவ்வளவுதானா என்று தினேஸ்வரிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வேர்க்காதது ஒரு பயிற்சியா? வீட்டுக்கு வந்து குப்புற விழுந்து தண்டால் எடுத்தாள். அலாமாக்! எலும்பு இன்னும் அதிகமாகத் துருத்தியது. ஷார்மேன் அவளைப் பிடி பிடியென்று பிடித்தாள். "மத்த தசையெல்லாம் ஓடி வந்து வேலைய பிடுங்கிக்குதுக்கா. தூங்குறது தூங்கிக்கிட்டேதான் இருக்கு லா!"

அன்றிலிருந்து சுவர்தான். காலையில் அடுக்களைச் சுவர், வேலையிடத்தில் ஓய்வு நேரத்தில் சாப்பாட்டு அறைச் சுவர். சாயங்காலம் மல்லாந்து படுத்து, மைலோ டின்னைக் கூரையைப் பார்த்து நீட்டி, இன்னும் கொஞ்சம். அவள் கணவன் ஜெயபாலன் லாரி ஓட்டுபவன். வாய் சும்மா இருக்காது. காலையில் தேத்தண்ணிக் குவளையோடு வந்து நின்று கேட்பான்.

"என்னடி, செவுரு நவுந்துச்சா?"

"நவுந்தா சொல்றேன், போங்க!"

மாதங்கள் ஓடின. ஒருநாள் பயிற்சித் திடலில் அவள் கை காதைத் தாண்டி மேலே போனது. நான் போட்ட கூச்சலில் பக்கத்துக் கோப்பிக்கடையில் இருந்தவர்களெல்லாம் எழுந்து பார்த்தார்கள். ஆனால் மேலே போனால் போதுமா? ஆட்டத்தில் பந்து விழ வேண்டுமே!

பத்து காஜா ஊரில் போட்டியின் இறுதியாட்டம். எதிரே தாப்பா குழு. அவர்களுடைய தடுப்பாட்டக்காரி ஷர்மினி இருக்கிறாளே, யம்மாடி, ஆறடி! கையைத் தூக்கினால் வளையமே தெரியாது. தினேஸ்வரி போட்ட பந்துகளைத் தட்டித் தட்டி விட்டாள். மற்ற நாங்கள் ஓடி ஓடி, கிடைத்த பந்தை எப்படியோ போட்டு, அவர்களையும் போடவிடாமல் சமாளித்தோம். "ஆள மாத்துங்க லா!" என்று வெளியிலிருந்து கத்தினார்கள். இப்போது மாற்றினால் அவள் இனிப் பந்தைத் தொடவே மாட்டாள். போங்கடா என்று நான் மாற்றவில்லை.

கடைசி நிமிடம். இரண்டு பக்கமும் சமம். பந்து தினேஸ்வரி கையில். ஷர்மினி எம்பி நின்று மறைக்கிறாள். தினேஸ்வரியின் கை நீண்டது. வழக்கமாக அந்த இடத்தில் பந்தை விட்டுவிடுவாள். விடவில்லை! தோள்பட்டையிலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளினாள். ஷர்மினியின் விரல்நுனிக்கு மேலே போன பந்து, வளையத்தின் விளிம்பில் சுற்றி, ஐயோ, ஐயோ, உள்ளே!

விசில் ஒலித்தது. எல்லோரும் அவள்மேல் போய் விழுந்தோம். அவள் மட்டும் எங்கள் தலைகளுக்கு மேலே யாரையோ தேடினாள். கூட்டத்தின் ஓரத்தில் ஜெயபாலன் நின்றான். முகமெல்லாம் கண்ணீர், துடைக்கக்கூட இல்லை.

அவள் வலது கையை நேராக மேலே தூக்கிக் கத்தினாள்:

"என்னங்க! நவுந்துருச்சு!"