பூட்டுக்கு வந்த பங்காளிக் காய்ச்சல்

என் வீட்டுக்காரர் ராஜ்மோகனுக்குச் சர்க்கரை கிடையாது, ரத்தக்கொதிப்பு கிடையாது. அவருக்கு இருக்கிற ஒரே நோய் பங்காளிக் காய்ச்சல். அதற்கு மருந்து கல்கத்தாவில் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை.

பங்காளி என்றால் ஜெய்ராம், இவருடைய சித்தப்பா மகன். இரண்டு பேருடைய அப்பாக்களும் சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வேலை பார்த்தவர்கள். பக்கத்துப் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் வளர்ந்த பிள்ளைகள். சின்ன வயதிலிருந்தே இவருக்கு முன்னால் அவன் ஓர் அடி எடுத்து வைத்துவிடுவான். ஜெய்ராம் பெங்காலி பேசினால் மீன்காரர் அவனைச் சொந்த ஊர்க்காரன் என்று நினைத்து நல்ல துண்டாகப் பொறுக்கிப் போடுவார். இவர் வாயைத் திறந்தாலே "மதராஸி தாதா", அதாவது மதராஸ் அண்ணன் என்று சிரிப்பார். ஜெய்ராம் வங்கியில் மேனேஜர் ஆனான். இவர் சால்ட் லேக்கில் ஓர் அரசு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். நல்ல வேலைதான், ஆனால் ஜெய்ராம் வேலை இல்லையே!

ஜாதவ்பூரில் ஜெய்ராம் மூன்றாவது மாடியில் ஃப்ளாட் வாங்கினான் என்று கேள்விப்பட்டதும் அதே கட்டிடத்தில் முதல் மாடியை இவர் பேசி முடித்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏங்க, அவர் பேச்சை எடுத்தாலே உங்களுக்கு ஆகாது. அப்புறம் அவர் காலடியிலயே வந்து குடியிருக்கணுமா?"

"தள்ளிப் போயிட்டா அவன் என்ன வாங்குறான்னு எனக்கு எப்படித் தெரியும்?"



ஒரே ஒரு விஷயத்தில் இவர் முந்தி. ஜெய்ராமுக்குப் பிள்ளை இல்லை. எங்களுக்கு அனுராதா இருக்கிறாள். ஆனால் அதிலும் இவருக்கு ஒரு குறை. அனு பெங்காலியில் வளர்ந்தவள். இவரை "பாபா" என்பாள், சித்தப்பாவை "காக்கு" என்பாள். "காக்கு"வில் மட்டும் வெல்லம் தடவியிருக்கிறதாம். நானும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுப் பார்த்தேன். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது.

போன வருஷம் ஜெய்ராம் புதுக் கார் வாங்கினான். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தால் போதும், கதவுகள் தாமாகவே 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். எங்கள் காரோ பழையது, ஒவ்வொரு கதவாக அமுக்கிப் பூட்ட வேண்டும். அந்த 'டக்' சத்தம் பால்கனி வரை வந்து இவர் வயிற்றில் விழுந்தது. ஒரே வாரத்தில் வெளியிலிருந்து பூட்டு சாதனம் வாங்கி, நான்கு கதவுக்கும் மோட்டார் வைத்து, சைரனும் பொருத்திக்கொண்டு வந்துவிட்டார். கூடவே கட்டைவிரல் அளவில் இரண்டு ரிமோட். ஜெய்ராம் காரில் சைரன் இப்படி அலறாது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார்.

இந்த ஊர்க்காரர்கள் வண்டிக்கு விஸ்வகர்மா பூஜையன்றே மாலை போட்டு முடித்துவிடுவார்கள். நாங்கள் மட்டும் துர்கா பூஜை நவமியன்று, பந்தலில் மேளம் காதைப் பிளக்க, வீட்டுக்குள் ஆயுத பூஜை போடுவோம். ஜெய்ராமும் இறங்கி வந்து தன் சாவியை எங்கள் பூஜை அலமாரியில் வைத்தான். மோதிர விரலால் ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம், அவ்வளவுதான். இவர் அதைப் பார்த்தார். பிறகு கிண்ணத்துச் சந்தனத்தையெல்லாம் வழித்து, தன் இரண்டு ரிமோட்டிலும் பொத்தான் தெரியாதபடி அப்பினார்.

"எதுக்குங்க இவ்வளவு?"

"சாமிக்குத் தெரிய வேணாமா, எது நம்மளுதுன்னு?"

பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக் கூடாது. மறுநாள் எடுத்தபோது சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது. ஒரு ரிமோட்டைச் சுரண்டி இவர் வைத்துக்கொண்டார். மற்றதை, பூஜை போட்ட பொருள், துடைக்கக் கூடாது என்று சொல்லி அலமாரிக்குக் கீழே இருக்கும் இழுப்பறையில் தீப்பெட்டி, கற்பூரம், திரியோடு போட்டுவிட்டார்.

அதற்கு அடுத்த நாளிலிருந்து எங்கள் காருக்குப் பேய் பிடித்தது. யாரும் தொடாமலே 'டக்' என்று திறந்துகொள்ளும், 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. ஒரு நாள் அனு கீழே காரில் உட்கார்ந்திருந்தாள், நேர்காணலுக்குப் போக வேண்டும். இவர் குடை எடுக்க மாடிக்கு வந்தார். அதற்குள் கதவுகள் பூட்டிக்கொண்டன. அவள் உள்ளேயிருந்து திறக்க, சைரன் அலற, காவலாளி தடியோடு ஓடிவந்தான். தெருவே கூடிச் சிரித்தது. பிள்ளை முகம் சிவந்து போய்விட்டாள்.

அந்த வேலை கிடைத்தது, ஹைதராபாத்தில். கிளம்பும் நாள் குறித்ததும் அவள் சொன்ன முதல் பேச்சு இதுதான்.

"பாபா, கோபப்படாத. ஏர்போர்ட்டுக்கு நான் காக்கு கார்ல போறேன். உன் கார் நடுவழில கத்துச்சுன்னா ஃப்ளைட்டே போயிடும்."

இவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. இருக்கிறது ஒரு பெண், அவளை வழியனுப்பும் பாக்கியமும் அவனுக்கா? காரைச் சரி பண்ணி என் பெண்ணை நான்தான் கொண்டுபோய் விடுவேன் என்று சபதம் போட்டார்.

பாவம், பாடுபட்டார். பேட்டரியை மாற்றினார். ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கதவுக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவே ரப்பர் குழாய்க்குள் போகும் ஒயர் அறுந்திருக்கிறதா என்று தடவினார். ஓட்டுநர் பக்கத்து மோட்டாரைக் கழற்றிப் புதிது போட்டார். அப்படியும் தீரவில்லை. கடைசியில் சாந்த்ராகாச்சியில் பழக்கமான கராஜில் காரைப் பகல் முழுக்க விட்டுவைத்தார். அங்கே அது பசு மாதிரி நின்றது. மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே, "வண்டியில ஒண்ணும் இல்ல தாதா. உங்க வீட்டுப் பக்கம்தான் ஏதோ இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இவருக்கு அது போதும். வீட்டுப் பக்கம் என்றால் வேறு யார்? மறுநாள் காலை தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்றார். ஜெய்ராம் படியிறங்கி வந்தான், காரைத் திறந்தான். அதே நேரம் எங்கள் காரும் 'டக்'.

"உன் ரிமோட்தான்டா என் பூட்டை ஆட்டுது! வேணும்னே பண்றியா?"

"ஐயோ அண்ணே, எனக்கு என்ன தெரியும்? ஒரே மாதிரி சிக்னலோ என்னமோ. நான் வேணா வண்டிய வெளிய நிறுத்திக்கிறேன்."

சொன்னபடியே புதுக் காரைத் தெருவில் மரத்தடியில் நிறுத்தினான். காக்கைகள் அதை ஒரு வழி பண்ணின. எங்கள் காரின் ஆட்டம் மட்டும் நிற்கவில்லை, காலையும் மாலையும் 'டக்'. மாடியிலிருந்து அமுக்குகிறான் என்றார் இவர். எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. வீட்டில் நான் கடிகாரம் பார்ப்பதில்லை. காலையில் ஜெய்ராம் செருப்புச் சத்தம் படியில் கேட்டால் விளக்கேற்றப் போவேன். சாயங்காலம் அவன் கார் ஹாரன் கேட்டால் மறுபடி ஏற்றுவேன். அப்படி நேரம் தவறாத மனிதனுக்கு அண்ணன் காரோடு விளையாட ஏது பொழுது?

அனு கிளம்பும் நாள் வந்தது. ஜெய்ராம் காரைக் கழுவி, வாசலுக்குள் எங்கள் கார் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். இவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு பால்கனியில் நின்றார். எங்கும் வரமாட்டாராம், எதற்குப் புதுச் சட்டை என்று நான் கேட்கவில்லை. கிளம்புகிற பிள்ளைக்குக் கற்பூரம் காட்டலாமென்று இழுப்பறையைத் திறந்து எடுத்து, தள்ளி மூடினேன்.

கீழே 'டக்' என்றது.

"பாபா! உன் கார்!" என்று அனு கத்தினாள்.

இவர் எட்டிப் பார்த்தார். ஜெய்ராமின் இரண்டு கையிலும் அனுவின் பெட்டிகள். தீப்பெட்டியை மறந்துவிட்டேனே என்று மறுபடி இழுத்து, மறுபடி மூடினேன். மறுபடி 'டக்'. இவர் மெல்லத் திரும்பி என் கையைப் பார்த்தார். வந்து இழுப்பறையைத் திறந்தார். கற்பூரப் பொட்டலத்தின் மேல் அந்த ரிமோட் கிடந்தது. பொத்தான்மேல் சந்தனம் கொட்டைப்பாக்கு மாதிரி புடைத்திருந்தது. மூடும்போதெல்லாம் அலமாரிக் கட்டை அதை அமுக்கியிருக்கிறது.

"நீங்க வச்ச சந்தனம்தான்" என்றேன்.

அவர் ரிமோட்டைக் கையில் எடுத்தார். அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார். என் மனசு குளிர்ந்தது. பெட்டிகளை இந்தக் காருக்கு மாற்றினால் தீர்ந்தது. 'என் தப்புதான்டா ஜெய்ராம்' என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதானே?

நானும் தட்டோடு இறங்கிப் போனேன். கற்பூரம் காட்டினேன். அனு அப்பா கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் ஆசை இருந்திருக்கிறது, பாவம்.

"பாபா, என்ன ஆச்சு, கண்டுபிடிச்சிட்டியா? சரியாயிடுச்சுன்னா சொல்லு, உன்கூடவே வரேன்."

"ஆமாண்ணே, சரியாயிடுச்சா? பெட்டிய மாத்திடறேன்" என்றான் ஜெய்ராம். அவன் முகத்தில் சூதுவாது ஒன்றும் இல்லை. பின்னால் அவன் கார் கண்ணாடியில் காக்கை எச்சத்தின் தழும்பு, கழுவியும் போகாமல் இருந்தது.

இவர் கை சட்டைப் பைக்குப் போனது. அவர் சொல்ல வேண்டிய வார்த்தை அது, அவரே சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

"இல்லம்மா. இன்னும் சரியாகல."

எனக்கு அந்த இடத்திலேயே அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

"அப்போ நீங்களும் வாங்கண்ணே" என்று ஜெய்ராம் பின்கதவைத் திறந்துவிட்டான். இவர் பெட்டியோடு பெட்டியாக ஏறி உட்கார்ந்தார். அனு முன்சீட்டில், காக்கு பக்கத்தில். கார் நகர்ந்ததும் கதவுகள் தாமாகப் பூட்டிக்கொண்டன. கண்ணாடிக்குள் இவர் என்னைப் பார்க்கவே இல்லை.

முதல் தடவையாக எனக்கே ஜெய்ராம்மேல் பொறாமை வந்தது. அவன் பாக்கெட்டில் மறைக்க ஒன்றும் இல்லை.

மேலே வந்து விளக்கேற்றினேன். தீப்பெட்டியை உள்ளே எறிந்து, இருந்த கோபத்துக்கெல்லாம் சேர்த்து இழுப்பறையை அறைந்து மூடினேன். கீழே எங்கள் கார் சத்தமே போடவில்லை.