இறங்கக் கூடாத சர்க்கரை

அப்பாவின் இடது காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு மகள் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். ஓரங்களை வளைக்காமல் நேராக வெட்ட வேண்டும். கால் மரத்துப்போனதால் சதையில் பட்டாலும் அப்பாவுக்குத் தெரியாது. "ஆரம்பிச்சிட்டியா?" என்று அவர் கேட்டபோது மூன்று விரல்கள் முடிந்திருந்தன.

பாதத்தின் மேல்புறத்தில் இரண்டு விரல்களை வைத்து நாடியைத் தேடினாள். வலது காலில் கிடைத்தது. இடது காலில் இல்லை. சற்றுத் தள்ளி வைத்தாள். அழுத்தத்தைக் குறைத்துப் பார்த்தாள். கெண்டைக்குக் கீழே கால் குளிர்ந்து கிடந்தது. முடி உதிர்ந்து, தோல் மெழுகு பூசியதுபோல் பளபளத்தது.

"என்ன, மணி அடிக்குதா இல்லியா?"

"நாளைக்கு ஸ்கேன்ல தெரியும். காலைல நேரா அங்க வந்துடுங்கப்பா."

"வராம எங்க போவேன்? கால் என்கிட்டதானே இருக்கு."

கட்டடம் எழும்பும் இடங்களில் கோபுரக் கிரேன் ஓட்டுவது அவர் தொழில். பெயரைச் சொல்லி விசாரித்தால் அங்கே பாதிப் பேர் விழிப்பார்கள். 'மேல்மாடி' என்றால் எல்லோரும் ஒரே திசையில் அண்ணாந்து பார்ப்பார்கள். ஏணியேறிக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துவிட்டால், இரும்புக் கம்பிக் கட்டைக்கூட முட்டை வைப்பதுபோல் வைப்பார். வீட்டிலும் அந்தக் கை மாறாது. தம்ளரை மேசைக்கு ஒரு விரற்கடை மேலே நிறுத்தி, பிறகுதான் இறக்குவார். "இங்க யார் தலையும் அடியில இல்ல, சும்மா வைங்க" என்பாள் அம்மா.

ஒருவர் தலை அடியில் இருந்த நாளும் உண்டு. சர்க்கரைக்கான காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டைத் தள்ளிப் போட்டுவிட்டு வேலை செய்த நாள் அது. திடீரென வியர்த்துக் கொட்டியது. ஒரு கொக்கி இரண்டாகத் தெரிந்தது. நடுங்கிய கை விசையை இழுத்துவிட, கம்பிக் கட்டு சுழன்று, கீழே கொடியசைத்து வழிகாட்டுபவரின் தொப்பியைத் தட்டிக்கொண்டு போனது. சட்டைப் பையில் கிடந்த மிட்டாயைக் காகிதத்தோடு மென்று அவர் நிதானத்துக்கு வந்தார். தலைக்கு வந்தது நிஜமாகவே தொப்பியோடு போயிற்று. மேலே என்ன நடந்தது என்பதை அவர் கொடிக்காரரிடம் மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே சட்டம்: கூண்டில் இருக்கும்போது சர்க்கரை இறங்கக் கூடாது. வேலை நாள்களில் காலை மாத்திரை கிடையாது. ஏணியில் கால் வைக்கும் முன் இனிப்பு தூக்கலாக ஒரு டீ, இரண்டு பன். ரத்தப் பரிசோதனை நெருங்கினால் மட்டும் மூன்று நாள் நல்ல பிள்ளையாகிவிடுவார். ஆனால் மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் பரிசோதனை ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது. டாக்டர் அந்தத் தாளை நீட்டியபோது அப்பா ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன" என்றார்.

மகள் ஒரு ஆலையில் அழுத்தமானிகளைச் சோதிப்பவள். "முள்ளை எந்நேரமும் சிவப்புலயே நிறுத்தி வெச்சா உள்ள இருக்கற சுருள் களைச்சுடும்ப்பா. அப்புறம் பூஜ்யத்துக்கே திரும்பாது" என்றாள்.

"அப்ப வேற மானி வாங்கிக்கலாம்."

ஒரு மதியம் அவர் மறந்து வைத்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க வேலையிடத்துக்குப் போனாள். அப்பா, நின்று இளைப்பாற இடையிடையே இரும்புத் தட்டுகள் வைத்த ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார். இரண்டாவது தட்டில் நின்றார். கைப்பிடியில் சாய்ந்து தூரத்தில் எங்கோ பார்த்தார்.

"ஊரப் பாக்குறாரும்மா. தட்டுக்குத் தட்டு நின்னு பாப்பாரு" என்றார் கொடிக்காரர். "சொந்தமா வாங்கப் போறாரோ என்னவோ."

அவர் ஊரைப் பார்க்கவில்லை. வலது பாதத்தால் இடது கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் கேட்டபோது முதலில் ஊர் என்றார். பிறகு, "ஏறும்போது கவ்வுது. நின்னா விட்டுடுது. விட்டுடற வலியெல்லாம் ஒரு வலியா?" என்றார்.

"நின்னா விட்டுடற வலிதாம்ப்பா ரத்தக்குழாய் வலி."

மகள் கூட்டிக்கொண்டு போனபோது டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "வருஷக்கணக்கா சர்க்கரையத் தூக்கி வெச்சிருக்கீங்க. காலுக்குப் போற குழாய் சுருங்கிடுச்சுன்னா, நெஞ்சுக்குப் போற குழாய் மட்டும் புத்தம் புதுசாவா இருக்கும்?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எறங்குனா கீழ நிக்கிறவன் தலை. ஏறுனா என் ஒருத்தன் கால். நீங்களே கணக்குப் போடுங்கம்மா."

மகள் டாக்டரைப் பார்த்தாள். டாக்டரிடம் பதில் இருந்தது. "அவ்வளவு சுலபமா எறக்கிவிடாத மாத்திரை இருக்கு. எறங்குறதுதான் பயம்னா முன்னாடியே வந்து சொல்லியிருக்கலாமே?"

அவர் செருப்பைப் பார்த்தார். "சொன்னா என்னையும் எறக்கிடுவீங்கன்னு நெனச்சேன்."

புது மாத்திரை, கால் ரத்தக்குழாய்க்கு ஸ்கேன், அதன் முடிவைப் பார்த்து நெஞ்சுக்குப் பரிசோதனை, அதுவரை ஏணி ஏறக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மறுநாளே ஏறினார். "ஸ்கேன் சொல்லட்டும், எறங்கறேன்" என்றார். மாத்திரை அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "லீவு நாள்ல போட்டுப் பாக்கறேன்" என்றார். ஸ்கேன் நாள் வரை ஒரு லீவும் வரவில்லை.

நகம் வெட்டிய மறுநாள், ஸ்கேன் நிலையத்தில் மகள் காத்திருந்தபோது போன் வந்தது. "மாத்தாள் வயித்துவலின்னு படுத்துட்டான். மேல ஒரு தண்ணித் தொட்டி போகணும், வேற கையில விட முடியாது. ஒரே தூக்கு. முடிச்சுட்டு ஓடி வந்துடறேன்."

"ஏற வேணாம்ப்பா. ஓடற காலா அது?"

"சரி, நடந்து வரேன்."

"மாத்திரை?"

"எறங்கிட்டுப் போட்டுக்கறேன்."

மற்றதைக் கொடிக்காரர் பிறகு சொன்னார். தொட்டி சத்தமில்லாமல் உட்கார்ந்தது. கொக்கியை மேலே ஏற்றி, கூண்டைப் பூட்டிவிட்டு அவர் இறங்க ஆரம்பித்தார். இரண்டாவது தட்டில் நின்றார். கைப்பிடியில் சாய்ந்தார். ஒரு கை நெஞ்சுக்குப் போனதைக் கொடிக்காரர் பார்த்தார். சட்டைப் பையில் எதையோ தேடுகிறார் என்று நினைத்தார். "ஊரப் பாத்து முடிக்கட்டும்னு டீ குடிக்கப் போனேம்மா. வந்து பாத்தா அப்படியே இருக்காரு. அப்பவும் பாத்துட்டுதான் இருக்காருன்னு நெனச்சேன்."

அந்த நேரத்தில் ஸ்கேன் அறைக் கதவு திறந்தது. செவிலி அப்பாவின் பெயரை அழைத்தாள். மகள் எழுந்து வாசல் வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். அடுத்துத் தன் முறைக்காக ஒரு பெரியவர் பாதக் கட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"நீங்க போயிட்டு வாங்க ஐயா. எங்கப்பா எறங்கிட்டு இருக்காரு" என்றாள். பக்கத்து நாற்காலி காலியானதும் யாரும் உட்கார்ந்துவிடாதபடி தன் பையை எடுத்து அதன்மேல் வைத்தாள்.