மொட்டைமாடிக் கஞ்சா

மழைக்குப் புனே விஷ்ராந்த்வாடியில் செடி விற்கும் நர்சரி ஒன்றில் ஒதுங்கி நிற்கிறேன். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கும் ஓர் இளைஞன், துணி போட்டு மூடிய தொட்டியை இறக்குகிறான். மூன்று மாதமாக மொட்டைமாடியில் ஒளித்து வளர்க்கிறானாம். யூடியூப் சொன்ன உரத்தையெல்லாம் கொட்டியதில் இலைநுனி கருகிக் கிடக்கிறது.

"அக்கா, தக்காளிச் செடி," என்று நர்சரி நடத்தும் அம்மாவிடம் கிசுகிசுக்கிறான். இலை ஐந்து விரலாக விரிந்திருக்கிறது. கஞ்சா என்று எனக்கே தெரிகிறது.

பக்கத்துப் போபோடியில் குடியிருக்கும் அந்தத் தமிழம்மா ஓர் இலையைக் கிள்ளி மெல்கிறார்.

"ஐயோ, போலீஸ் வந்துரும்க்கா!"

"புளிச்சக்கீரைக்கு எதுக்கு தம்பி போலீஸ்? இங்க மராத்தில அம்பாடிம்பாங்க. உரத்த நிறுத்திட்டு, பருப்பு போட்டுக் கடைஞ்சு சாப்பிடு."

அவன் நம்ப மறுக்கிறான். "போன வாரம் ஃப்ரெண்ட்ஸ் இதக் காயவெச்சு இழுத்துட்டு, செம கிக்குன்னாங்களேக்கா!"