தமயந்தி எடுத்து வந்த மெமரி

போன வாரம் என் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வேங்கிக்காலில் ஒரு கடைக்குப் போனேன். ரொம்ப மெதுவாக ஓடுகிறது, மெமரி கொஞ்சம் ஜாஸ்தி பண்ணிக் கொடுங்க என்றேன். கவுன்டரில் இருந்த பெண் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "இதுல முடியாது ஆன்ட்டி. மெமரிய போர்டோடயே ஒட்டி அனுப்பிடுறாங்க. புதுசா வாங்கிக்குங்க." அவளுக்கே முப்பத்தைந்து வயசு இருக்கும், நான் ஆன்ட்டியாம். சண்டை போடலாம் என்று வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அவள் பேசிக்கொண்டே வேறு யாருடைய பழைய கம்ப்யூட்டரிலிருந்தோ எடுத்த மெமரிப் பட்டை ஒன்றைக் கையில் வைத்து, அதன் விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த ரப்பர் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குத் தமயந்தி ஞாபகம் வந்துவிட்டது.

தமயந்தியும் நானும் இதே வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு டிடிபி கடையில் வேலை பார்த்தோம். இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். அவள் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவாள், நான் அடி அண்ணாமலையிலிருந்து சைக்கிளில். இரண்டு பேருக்கும் ஒரே கம்ப்யூட்டர். காலையில் மனுக்கள் அடிப்போம். மத்தியானத்துக்கு மேல் கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு, அன்னதான நோட்டீஸ். அவள் அடித்தால் எழுத்துப்பிழை இருக்காது. நான் அடித்தால் வேகமாக முடியும், பிழையும் வேகமாகவே வரும். மணமகன் பெயரில் நான் ஒரு துணைக்காலை விட்டுவிட்ட பத்திரிகையை இன்னும் யாராவது பத்திரமாக வைத்திருப்பார்கள்.

அந்த மெஷினில் மெமரி முப்பத்திரண்டு எம்பி. இப்போது ஒரு போட்டோவை அனுப்பவே அது பத்தாது, சிரிக்காதீர்கள். அன்னதான நோட்டீஸ் என்றால் எங்கள் ஊர் மலைப் படம் இல்லாமல் முடியுமா? படத்தை எடுத்து வைத்தால் முதலில் உச்சி வரும். அடிவாரம் வருவதற்குள் எதிர்க்கடையில் டீ குடித்து, கிளாஸைக் கொடுத்துவிட்டு வரலாம். சில நாள் பாதி மலையோடு நின்றுபோகும்.

முதலாளி நல்ல மனுஷன்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். ஒருநாள் பாதி மலையைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "கார்த்திகை தீபத்துக்குள்ள இது வேகமா ஓடணும்மா. மெமரி வாங்கிப் போடலாம். அதுக்கப்புறமும் இப்படியே நின்னா, ஒரு மெஷினுக்கு எனக்கு ரெண்டு ஆளு எதுக்கு?" யார் அந்த இன்னொரு ஆள் என்று அவர் சொல்லவில்லை. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவும் இல்லை.

தமயந்திக்கு அந்த வேலை வெறும் வேலை இல்லை. ஒரு வருஷம் நன்றாகக் கற்றுக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் தனியாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைக்கப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். போர்டு எழுத்துகூட மெஷினிலேயே பல தினுசாகப் போட்டுப் பார்த்திருந்தாள். வீட்டில் மல்லாட்டை, அதுதான் நிலக்கடலை, பறிக்க ஆள் கம்மி என்று தினமும் சண்டை. அதையும் மீறி பஸ் ஏறி வந்துகொண்டிருந்தாள்.

எந்த மெமரி எடுப்பது என்பது எங்கள் ஊரில் அப்போது பெரிய விவகாரம். கண்டதை வாங்கி வந்து சொருக முடியாது. அவள் யாரிடமோ ஒரு புத்தகம் இரவல் வாங்கி ரெண்டு நாள் படித்தாள். ஒரு துண்டுச்சீட்டில் மூன்றே மூன்று வரி எழுதிக்கொண்டாள். விளிம்பில் ரெண்டு வெட்டு இருக்கணும், ஒரு வெட்டு இருந்தால் அது வேறு ஜாதி மெமரி, நம் மெஷினுக்குள் போகாது. வேகம் நூறு. ரெண்டு பக்கமும் சிப்பு இருக்கணும், ஒரு பக்கம் மட்டும் இருந்தால் பழைய மெஷின் அதைப் பாதியாகத்தான் எண்ணும்.

சென்னைக்கு அவளே போனாள். மாதிரிக்குப் பழைய மெமரியைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றி, டிபன் டப்பாவில் வைத்து மூடி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாளாம். "அப்ப சோறு?" என்று கேட்டேன். "சோத்து டப்பாலதான மெமரி இருக்குது" என்றாள். நாள் முழுக்க ஒரு பன்னோடு அலைந்திருக்கிறாள். கடைக்கடையாகப் போய் பழையதையும் புதுசையும் ஒட்டவைத்து வெட்டுக்கு வெட்டு பார்த்திருக்கிறாள். நம் தேரடி வீதியில் புடவையை விரித்துவைத்து ஜாக்கெட் துணி மேட்ச் பார்ப்போமே, அந்த மாதிரிதான். நாலாவது கடையில் கிடைத்தது, அறுபத்து நாலு எம்பி.

அவள் அதைக் கொண்டுவந்த மறுநாள் ஆயுத பூஜை. நல்ல நாள், பூஜையோடவே மாட்டிடலாம் என்றார் முதலாளி. கடையைக் கழுவிவிட்டோம். மானிட்டர், பிரிண்டர், ஸ்டெபிலைசர், கத்திரிக்கோல், மௌஸ், எல்லாவற்றுக்கும் நான்தான் சந்தனம் குங்குமம் வைத்தேன். பொட்டு வைப்பதில் எனக்கு அப்படி ஒரு ஆர்வம். தமயந்தி வாசலில் பூசணிக்காயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். புதுசாக வந்தது மெமரிதானே, அதற்கு வைக்காமல் விடுவதா? இருபுறமும் கறுப்புக் கறுப்பாகச் சிப்பு, பொட்டு வைக்க இடமே இல்லை. கீழ் விளிம்பில் பொன் நிறத்தில் வரிசையாகப் பல் மாதிரி மின்னியது. பார்க்க லட்சணமாக இருந்தது. மோதிர விரலால் அங்கே தாராளமாகவே ஒரு தீற்று தீற்றினேன்.

கற்பூரம் காட்டி, மாட்டி, சுவிட்சைப் போட்டோம். திரை கறுப்பாகவே இருந்தது. உள்ளேயிருந்து நீளமாக ஒரு கூவல், விட்டு விட்டு, நிற்காமல். பழைய மெமரியை மட்டும் மாட்டினால் ஓடியது. புதுசை மாட்டினால் கூவல். கழற்றிய புதுசில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்ததை மூன்று பேரும் பார்த்தோம். ஆனால் அன்றைக்குச் சந்தனம் இல்லாத பொருள் அந்தக் கடையில் எது? யாருக்கும் அது தப்பாகவே படவில்லை.

"இன்னாம்மா இது, பூஜை அன்னிக்கு அபசகுனமா கத்துது?" என்றார் முதலாளி. "யாரு பாத்து எடுத்தது?"

"நான்தாங்க" என்றாள் தமயந்தி. "எல்லாம் பாத்துதாங்க எடுத்தேன். நாளைக்கே போயி மாத்திட்டு வந்துடறேங்க."

"நீ போனது போதும்மா" என்றார் அவர்.

நான் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். சந்தன விஷயம் அப்போது எனக்குத் தெரியாதுதான், சத்தியமாகத் தெரியாது. ஆனாலும் "அவ சரியாத்தான் பாப்பா சார்" என்றாவது சொல்லியிருக்கலாம். வேலையை விட்டுப் போகவேண்டிய அந்த இன்னொரு ஆள் நான் இல்லை என்று அந்த நிமிஷம் புரிந்துபோனது. அவள் பூஜைப் பொரியைப் பொட்டலமாக வாங்கிக்கொண்டு, காலி டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். அதற்கப்புறம் வரவில்லை. மெமரியை மேஜை டிராயரில் போட்டுவிட்டார்கள்.

தீபத்துக்கு ஒரு வாரம் முன்னால், பிரிண்டரைப் பார்க்க வேலூரிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். காகிதக் கிளிப் தேடி டிராயரைத் திறந்தவர், "இத ஏன் சும்மா போட்டு வச்சிருக்கீங்க?" என்று அதை எடுத்துப் பார்த்தார். என் பென்சில் ரப்பரைக் கேட்டு வாங்கி விளிம்பைத் தேய்த்தார். மஞ்சளாகத் தூள் உதிர்ந்தது. முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "யாரு மேடம் மெமரிக்குச் சந்தனம் பூசுனது? இந்தப் பல்லு மெஷின்ல படலன்னா எப்படி ஓடும்?" நானும் சிரித்தேன். மாட்டிப் போட்டார். கறுப்புத் திரையில் வெள்ளை எண்கள் ஓடின. வழக்கமாக முப்பத்திரண்டாயிரத்தில் நிற்பது நிற்கவில்லை, பழையதும் புதுசும் சேர்ந்து ஏறிக்கொண்டே போய் 98304-இல் நின்றது. மலைப் படம் உச்சியிலிருந்து அடிவாரம் வரை ஒரே மூச்சில் வந்தது.

முதலாளியிடம் மெக்கானிக் சரிபண்ணிவிட்டார் என்று மட்டும் சொன்னேன். பொய்யில்லை, பாருங்கள். எப்பேர்ப்பட்ட சாமர்த்தியம்!

தீபம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று கீழ்பென்னாத்தூருக்குப் பஸ் ஏறினேன். தமயந்தி வீட்டுக்கு வெளியே சாக்கில் மல்லாட்டை காய வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குக் கோபம் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. வேகவைத்த மல்லாட்டை ஒரு தட்டு நிறையக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"மெஷினு எப்படி ஓடுது? வேற மெமரி மாத்திட்டீங்களா?"

"மாத்திட்டோம்டி" என்றேன்.

"ரெண்டு வெட்டு பாத்தேன், வேகம் பாத்தேன், ரெண்டு பக்கம் சிப்பு பாத்தேன். இன்னும் எதடி பாக்காம வுட்டேன்? யோசிச்சு யோசிச்சு தலதான் வலிக்குது. வுடு, எனக்குக் கம்ப்யூட்டர் ராசியில்ல. சென்டர் வெக்கிற நெனப்பையும் வுட்டுட்டேன்."

நான் மல்லாட்டையை உரித்து உரித்துத் தட்டிலேயே போட்டுக்கொண்டிருந்தேன். அவளே பஸ் ஸ்டாப் வரை வந்தாள். ஜன்னல் வழியாக ஒரு பை நிறைய மல்லாட்டையை என் மடியில் போட்டாள். பஸ் திரும்பும்வரை கையாட்டிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த வருஷம் அவளுக்குக் கல்யாணம், கிருஷ்ணகிரிப் பக்கம் என்றார்கள். பத்திரிகை எங்கள் கடைக்கு வரவில்லை, வேறெங்கோ அடித்திருந்தார்கள். வீட்டில் போன் கிடையாது. பிறகு அவள் வீட்டார் நிலத்தை விற்றுவிட்டு ஊரை விட்டே போய்விட்டார்களாம்.

அந்த டிடிபி கடை இருந்த இடத்தில் இப்போது பிரியாணிக் கடை. டிபன் டப்பாவில் மெமரி கொண்டுபோகிறவர் யாருமில்லை. மூடியைத் திறந்தால்தானே பொட்டு வைக்க முடியும், எல்லாவற்றையும் ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள். கீழ்பென்னாத்தூர் வழியாகப் போகும்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டு பக்கம் எட்டிப் பார்க்கிறேன். ஜெராக்ஸ், இ-சேவை, போட்டோ ஸ்டூடியோ என்று எத்தனையோ போர்டு. அவள் போட்டுப் பார்த்த எழுத்தில் ஒன்றுகூட இல்லை.

எங்கேயோ ஒரு வீட்டில், பிள்ளையின் லேப்டாப்பைத் தொடப் பயந்துகொண்டு ஒருத்தி இருப்பாள். அவளிடம் நான் சொல்ல வேண்டியது ஒரே வரிதான். நீ எடுத்தது சரியான மெமரிதான்டி, தமயந்தி.