ஏணியை முகர்ந்த கலைமான்

செவ்வாய்க்கிழமை லோர்னா ஸ்கிபாவின் வலது தோளில் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு வில்லைத் தொடவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். சனியும் திங்களும் வேலை. ஆக, அவளிடம் மிச்சமிருந்தது இந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை ஒன்றுதான்.

அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு கலைமான். வலது காது நுனியில் இரண்டாகக் கிழிந்திருக்கும். கொம்பில் பத்துக் கிளைகள். மூன்று வருஷமாக அதன் பின்னால் அலைகிறாள். அமெரிக்காவின் விஸ்கான்சினில் உருளைக்கிழங்கு வயல்களுக்கு நடுவே முந்நூற்று நாற்பது வீடுகளுக்குத் தபால் போடுகிறவள் லோர்னா. ஜீப்பின் ஜன்னல் வழியே கையை நீட்டி நீட்டிப் பெட்டிகளில் கடிதம் திணித்தே அந்தத் தோள் தேய்ந்துபோனது. 'கிழிஞ்ச காது' என்று அவள் பேர் வைத்த அந்த மானை முதலில் பார்த்ததும் அப்படி ஒரு பெட்டிக்குப் பக்கத்தில்தான்.

வெள்ளிக்கிழமை ராத்திரி மீன் வறுவல் சாப்பிடப் போன இடத்தில் அவள் தம்பி ராய் எல்லோர் முன்னாலும் ஆரம்பித்தான்.

"மூணு வருஷமா ஒரே மானுக்கு லெட்டர் போட்டுட்டிருக்க, லோர்னா. அது ஒரு பதில்கூடப் போடலையே!"

"உனக்கு யாருடா போட்டாங்க? உன் ரெண்டு பொண்டாட்டியும் வக்கீல் மூலமாத்தானே போட்டாங்க!"

மேஜையே குலுங்கிச் சிரித்தது. ராயும் சிரித்தான். வேறு வழி?

ஞாயிறு விடியுமுன் சோளக்கொல்லை ஓரம் வண்டியை நிறுத்தினாள். நவம்பர் நடுப்பகுதி; கலைமான்கள் பெட்டை வாசனை தேடிப் பித்துப் பிடித்துத் திரியும் நாட்கள். பருவத்துக்கு வந்த பெட்டை மானின் மூத்திரம் சின்னக் குப்பியில் கடையில் கிடைக்கும். ஒரு துணியை அதில் நன்றாக முக்கி, கயிற்றில் கட்டி, ரப்பர் பூட்ஸுக்குப் பின்னால் தரையோடு இழுத்துக்கொண்டே நடந்தாள். அறுநூறு அடி. மரத்தில் கட்டிய பரணுக்கு இருபது அடி முன்னால், ஒரு புதரில் துணியைத் தொங்கவிட்டாள். ஏணியில் ஏறி, இடுப்பு வாரை மரத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். காற்று முகத்தில் அடித்தது. நல்லது, அவள் வாடை மானுக்குப் போகாது.

வெளிச்சம் வந்து கால் மணி நேரத்தில் அது வந்தது.

கிழிஞ்ச காதேதான்! தடத்தின் நடுவில் குறுக்கே வந்து நின்று, மூக்கைத் தரையில் வைத்தது. மான் இந்தப் பக்கம் முகர்ந்தது. அந்தப் பக்கம் முகர்ந்தது. பிறகு வாலைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தது.

வண்டி நிற்கும் பக்கமாக.

'எங்கே போற? இங்கே வாடா!' பல்லைக் கடித்தாள். அப்போதுதான் உறைத்தது. வாசனை எந்தப் பக்கம் கூடுகிறதோ அந்தப் பக்கம்தானே மான் போகும்! நடக்க நடக்கத் துணியை மறுபடி மறுபடி முக்கியிருக்க வேண்டும். அவளோ காலையில் பையை நிரப்பிக்கொண்டு கிளம்பி, போகப் போகக் காலி செய்கிற தபால்காரி. பழக்கதோஷத்தில் பாதிக் குப்பியை வண்டியடியிலேயே கொட்டிவிட்டு வந்திருக்கிறாள். மான் இப்போது அவளுடைய ஜீப்பைக் காதலிக்கப் போகிறது.

அங்கே பெட்டை இல்லை என்று தெரிந்ததும் திரும்பும். திரும்பி எந்தப் பக்கம் போகும்?

வாரைக் கழற்றினாள். தடதடவென்று இறங்கினாள். துணியைப் பிடுங்கிக்கொண்டு தடத்தில் நூறடி ஓடினாள்; குப்பியைத் திறந்து முக்கி, திரும்பி இழுத்தாள். பாதியில் இன்னொரு முறை. புதரடியில் மூன்றாவது முறை முக்கும்போது அவசரத்தில் குப்பி சாய்ந்து, மிச்சமெல்லாம் கால்சட்டையிலும் பூட்ஸிலும் கொட்டியது. துடைக்க நேரமில்லை. துணியைப் புதரில் எறிந்துவிட்டு ஏறினாள்.

பத்து நிமிஷம். சருகு சத்தம். பன்றி மாதிரி உறுமிக்கொண்டே வருகிறது! கழுத்து புடைத்திருந்தது. நூறடிக்கு வந்ததும் மூக்கு தரையோடு ஒட்டிக்கொண்டது. புதர்வரை ஒரே ஓட்டம். லோர்னா வில்லைத் தூக்கினாள்.

மான் துணியை ஒரு தடவை முகர்ந்தது. அதைவிட நல்ல பெட்டை பக்கத்திலேயே இருப்பது அதற்குத் தெரிந்துவிட்டது. நேராக ஏணியடிக்கு வந்தது.

முதல் படியை முகர்ந்தது. இரண்டாவது படியை நக்கியது. அடுத்த நிமிஷம் ஏணியில் கொம்பை வைத்துத் தேய்க்க ஆரம்பித்தது. பரண் மொத்தமும் ஆடியது. லோர்னா ஒரு கையால் மரத்தைக் கட்டிக்கொண்டு கீழே பார்த்தாள். கிழிந்த காது, நேர் காலடியில். நேர் கீழே அம்பு விட முடியாது. மூச்சு விடவும் முடியாது. சிரிப்பு வேறு தொண்டைவரை வந்து நின்றது.

தேய்த்து அலுத்து மான் பின்வாங்கியது. பத்தடி. பதினைந்தடி. புதர்ப் பக்கம் திரும்பி, விலா முழுக்கத் தெரிய நின்றது.

இழுத்தாள். தோளுக்குள் சரளைக்கல் அரைபட்டது. பாதியில் கை நின்றுவிட்டது. "இன்னும் ஒரே ஒரு தடவை," என்று தோளிடம் முணுமுணுத்து, முதுகையும் சேர்த்து இழுத்தாள். நாண் கன்னத்தில் உரசியது. விட்டாள்.

தொப் என்று சத்தம். மான் பாய்ந்தது, சோளக்கொல்லை ஓரம்வரை ஓடியது, சாய்ந்தது. எழவில்லை.

அரை மணி நேரம் பொறுத்திருந்து, இறங்கிப்போய் அதன் பக்கத்தில் மண்டியிட்டாள். உடம்பு இன்னும் சூடாக இருந்தது. கிழிந்த காதை விரலால் தடவினாள். பிறகு போனை எடுத்தாள்.

"ராய், எந்திரி. உன் டிரக்கை எடுத்துட்டு வா."

"என்ன ஆச்சு?"

"கிழிஞ்ச காது."

"பொய் சொல்லாத."

"வந்து பாரு. கை இடுப்புக்கு மேல எழும்பமாட்டேங்குது. ஒத்தக் கையால இழுக்க முடியாது."

தூங்கின பைஜாமாவோடு, மேலே கோட்டை மாட்டிக்கொண்டு ராய் ஓடிவந்தான். மானைப் பார்த்தான். கொம்பின் கிளைகளை விரல் வைத்து எண்ணினான். அக்காளைக் கட்டிப்பிடிக்க இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நெருங்கினான். அப்படியே நின்று மூக்கைப் பொத்தினான்.

"ஐயோ, லோர்னா! மானை முன்சீட்டுல உக்கார வைக்கிறேன். நீ பின்னாடி ஏறி வா."